பொட்டலமா, ஹாலா, காப்பகமா, வாடகை வீடா? ரோட்டுல படுக்கவங்களுக்காக சபையும் கோயிலும் ஜமாத்தும் எத ஆரம்பிக்கலாம்

கோயில் கொடைத் திருவிழா முடிஞ்சு மிஞ்சின பணம், சர்ச்சு அசன விருந்துல மிஞ்சின பணம், ரமலான்ல சேந்த பணம்னு மூணு இடத்துல இருந்து மூணு பேர் ஒரே மாசத்துல எங்கிட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாவ. எல்லாம் எங்க திருநெல்வேலிக்குள்ளதான்: ஒருத்தர் பாளையங்கோட்டைல ஒரு சர்ச்சு சபை கமிட்டில இருக்கவரு, இன்னொருத்தர் டவுண் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடை கமிட்டி பொருளாளர், மூணாவது மேலப்பாளையத்துப் பையன். "அண்ணாச்சி, ஜங்ஷன்லயும் பஸ் ஸ்டாண்டுலயும் படுத்துக் கெடக்காவள்லா, அவுகளுக்கு நெரந்தரமா ஏதாவது பண்ணணும், எத ஆரம்பிக்க?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல முக்கா மணி நேரம் பேசி தொண்ட காஞ்சு போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

நான் இதுல பெரிய ஆள் ஒண்ணும் இல்ல. எங்க சபைல அஞ்சு வருஷம் சேவைக் குழுவுக்கு கணக்கு எழுதினேன், கணக்கு எழுதுறவனுக்குத்தான் எந்தப் பணம் எங்க வீணாப் போச்சுன்னு தெரியும், அந்தத் தகுதி மட்டும் உண்டு.

முதல்ல எத வச்சு அளக்கணும்

எல்லாரும் "கைல எவ்வளவு இருக்கு"ன்னு ஆரம்பிப்பாவ. எனக்கு அது கடைசிக் கேள்வி. நான் அளக்குறது அஞ்சு விஷயத்த வச்சு.

ஒண்ணு, இதனால அந்த ஆளு ரோட்ட விட்டுப் போவாரா, இல்ல ரோட்டுலயே கொஞ்சம் சுகமா இருப்பாரா. ரெண்டும் நல்லதுதான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. ரெண்டு, மூணு வருஷம் ஓடுமா. ஆரம்பிச்ச வருஷம் எல்லாரும் வருவாவ, ரெண்டாவது வருஷம் கமிட்டி மாறும், மூணாவது வருஷம் சபைத் தேர்தல்ல ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு நிப்பாவ, அப்பவும் ஓடணும். மூணு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு வலிப்பு வந்தா போன எடுக்கப் போறது யாரு, பேரச் சொல்லுங்க. நாலு, சட்டத்துல என்னென்ன லைசென்ஸ் கேக்கும். அஞ்சு, மத்த மதத்துக்காரர் ஒருத்தர் கூச்சமில்லாம உள்ள வர முடியுமா.

ஆறாவதா ஒண்ணு உண்டு, அத எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு ஆச்சி. ஜங்ஷன் பக்கம் நாங்க பொட்டலம் குடுக்கப் போனப்போ வாங்க மாட்டேன்னுட்டாவ. "எய்யா, சோத்துக்குப் பஞ்சமில்ல, நேத்தும் மூணு கூட்டம் வந்து குடுத்துட்டுப் போச்சு. தின்னுட்டு காலைல நான் எங்க போக? கட்டணக் கக்கூஸுக்கு காசுல்லா கேக்கான்." கக்கூஸுக்குப் பயந்து ராத்திரி சாப்பிடாம இருக்க பொம்பளயாட்கள் இருக்காவங்கது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுல இருந்து எந்தத் திட்டம் வந்தாலும், இதுல ராத்திரிக்கு கக்கூஸ் உண்டானு கேட்டுட்டுத்தான் மத்தத கேக்குறது.

இன்னொண்ணு. "வீடில்லாதவங்க"ன்னு ஒரே ஆளா நினைச்சுறாதீங்க. ஹோட்டல்ல எலை எடுத்துட்டு கடை வாசல்லயே படுக்கவரு வேற, புள்ளைங்க கூட்டிட்டு வந்து கோயில் வாசல்ல விட்டுட்டுப் போன தாத்தா வேற, புருஷன்ட்ட அடி தாங்காம ரெண்டு புள்ளையோட கிளம்பி வந்த பொண்ணு வேற, மனசு சரியில்லாம எந்த ரயில்ல ஏறினோம்னே தெரியாம வந்து இறங்கினவரு வேற. ஒரே சாவிய வச்சு இந்த நாலு பூட்டையும் திறக்க முடியாது.

சோத்துப் பொட்டலம்

நம்ம ஊருக்கு இது ரத்தத்துல ஊறினது. வடலூர்ல வள்ளலார் 1867ல மூட்டின அடுப்பு இன்னும் அணையல, திருச்செந்தூர்ல 2022ல இருந்து நாள் முழுக்க அன்னதானம், இந்தப் பக்கம் அசனம்னா ஊரே பந்தில உக்காரும். அதனால கமிட்டில யாரு கைய தூக்கினாலும் முதல்ல வர்றது பொட்டலம்தான்.

நல்லது என்னன்னா நாளைக்கே ஆரம்பிக்கலாம், லைசென்ஸ் தொல்லை கம்மி (உணவுப் பாதுகாப்புத் துறைல ஒரு பதிவு போட்டுறணும், அத விட்டுறாதீங்க), சின்னப் பையங்க கூட வந்து நிப்பாவ. கெட்டது, கணக்குப் போட்டாத்தான் தெரியும். அம்பது பொட்டலம், ஒண்ணு 40 ரூவானு வச்சா ஒரு ராத்திரிக்கு 2000, மாசம் 60,000, வருஷத்துக்கு 7,20,000. வருஷம் ஏழு லட்சம் செலவழிச்ச பிறகும் ரோட்டுல இருந்தவங்க அதே இடத்துலதான் படுத்திருப்பாவ. அதுவும் அம்பது பேரும் வீடில்லாதவங்க கிடையாது, வரிசைல நிக்கவங்கள்ல பாதிப் பேரு வீட்டுக்குப் போறவங்கதான், அது தப்பும் இல்ல, பசின்னா பசிதான், ஆனா நீங்க ஆரம்பிச்ச காரியம் அது இல்லையே.

மறைஞ்சு நிக்கிற செலவு ஞாயித்துக்கிழமை. எல்லாக் குழுவும் ஞாயித்துக்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் வரும். ஒரு கிறிஸ்துமஸ் வாரம் நாங்க பிரியாணி கொண்டு போனா எங்களுக்கு முன்னாடியே மூணு வேன் வந்துட்டுப் போயிருந்துச்சு, பாதிப் பொட்டலம் பிரிக்காமலே குப்பைத் தொட்டில. செவ்வாக்கிழம ராத்திரி ஒரு ஆளு கிடையாது. அம்மா உணவகத்துல 2013ல இருந்தே இட்லி ஒரு ரூவா, சாம்பார் சாதம் அஞ்சு ரூவா, அதனால பகல் பசிக்கு ஊர்ல வழி இருக்கத்தான் செய்யுது.

எப்போ இதான் சரி? வெள்ளம் புயல் வந்தா. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழ கொட்டி, ஜங்ஷனே தண்ணிக்குள்ள கெடந்தப்போ, ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போன செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆட்களுக்கு பக்கத்து ஊர்க்காரங்கதான் வீட்டு அரிசிய வடிச்சுப் போட்டாவ, எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டுட்டு இருக்கல. இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு: பொட்டலத்த ஒரு சாக்கா வச்சு ஒரே ஆட்கள் ஒரே இடத்துக்கு வாராவாரம் போயி பேரக் கேட்டு, ஊரக் கேட்டு, நோட்டுல எழுதிட்டு வர்றதுன்னா. அப்படின்னா பொட்டலம் சின்னதா இருந்தாலும் போதும், ரெண்டு வாழைப்பழமும் டீயும் கூட போதும்.

ராத்திரிக்கு ஹாலத் திறந்து விடுறது

சபை ஹால், கோயில் கல்யாண மண்டபம், மதரஸா மாடி, எல்லாம் ராத்திரி சும்மாத்தான கெடக்கு, திறந்து விட்டா என்ன? கேக்க நல்லாருக்கும். அமெரிக்காவுல நியூயார்க்ல வீடில்லாத ஒரு அம்மாவுக்கு சாண்ட்விச் வாங்கிக் குடுத்ததுல மனசு மாறின கேரன் ஓல்சன்னு ஒரு அம்மா, 1986ல நியூஜெர்சில பக்கத்து சர்ச்சு, யூத ஜெபாலயம் எல்லாத்தையும் சேத்து முறை வச்சாவ. ஒரு வாரம் இந்த சபைல மூணு நாலு குடும்பம் தங்கும், அடுத்த வாரம் அடுத்த சபை. பத்துப் பதிமூணு சபை சேந்தா ஒருத்தருக்கு மூணு மாசத்துக்கு ஒரு வாரம்தான் பாரம் வரும். ஃபேமிலி பிராமிஸ்னு பேரு, நாடு முழுக்கப் பரவிச்சு. ஆனா வாராவாரம் மூட்டை முடிச்சத் தூக்கிட்டு புள்ளைங்கள இழுத்துட்டு அலையிறது பெரிய கஷ்டம்னு அவங்க கிளைகள்லயே பல ஊர்ல முறைய விட்டுட்டு ஒரே இடத்துக்கு மாறிட்டாவ. புதுசா யோசிக்கவங்க அத மனசுல வச்சுக்கிடணும்.

நம்ம ஊருக்கு இது பொருந்துமா? எனக்கு சந்தேகம். ஹால்னா கல்யாணம் வரும், புள்ளைங்களுக்கு லீவுல நடத்துற வி.பி.எஸ் வேத வகுப்பு வரும், கொடை வரும், அன்னைக்கு எல்லாரையும் வெளிய அனுப்பணும். நடு முகூர்த்த மாசத்துல இருபது நாள் வெளிய அனுப்பினா அது தங்க இடமா என்ன. ஒரு வாட்ச்மேன் சம்பளம், ஃபினாயில், கரண்டு, தண்ணி லாரி, எல்லாம் சேந்து வர்றப்போதான் "சும்மாத்தான கெடக்கு"ங்கிற பேச்சு நிக்கும். பொம்பளயாட்களயும் ஆம்பளயாட்களயும் ஒரே ஹால்ல வைக்கவே கூடாது. இதுல பேச்சே கிடையாது.

இது சரியா வர்றது ரெண்டு நேரம்: ஐப்பசி கார்த்திகை மழைக்கு, அப்புறம் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில ஆளச் சேத்துட்டு வெளிய தரைல படுக்க தூரத்து ஊர்க்காரங்களுக்கு. ரெண்டாவது கூட்டத்த யாரும் வீடில்லாதவங்கன்னு எண்ண மாட்டாவ, ஆனா ராத்திரி அவுகளும் ரோட்டுலதான்.

மாநகராட்சிக் காப்பகத்துக்குப் பக்கபலமா நிக்கிறது

இது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. மத்திய அரசோட நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் (2024ல அது முடிஞ்சுது) வீடில்லாதவங்களுக்காக வச்ச விதிப்படி ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேராவது தங்க இடம் வேணும், ஒரு காப்பகத்துல 50ல இருந்து 100 பேரு, ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்கணும். நம்ம மாநகராட்சிக்கு 2011 கணக்குல 4 லட்சத்து 73 ஆயிரம் பேரு. அப்போ நானூத்தி எழுபது பேருக்காவது படுக்கை இருக்கணும்னு அந்த விதியே சொல்லிச்சு. இத ஒரு தாள்ல எழுதி கவுன்சிலர்ட்ட குடுக்கதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆனா சபையும் கோயிலும் ஜமாத்தும் ஒண்ணா போயி குடுத்தா அதுக்கு இருக்க எடையே தனி. எங்க ஊர்ல அந்த மூணு பேரும் ஒண்ணாப் போறது வெள்ளத்துக்குத்தான் நடந்திருக்கு.

இந்தக் காப்பகங்கள தொண்டு நிறுவனத்துட்டதான் நடத்தக் குடுப்பாவ. நீங்களே எடுத்து நடத்தலாம், இல்ல நடத்துறவங்களுக்குத் துணையா நிக்கலாம். ரெண்டாவததான் நான் சொல்லுவேன். ஏன்னா எடுத்து நடத்துறவங்களுக்கு இருக்க பெரிய தலைவலி மானியம் லேட்டா வர்றது. வேற ஒரு ஊர்ல காப்பகம் நடத்துறவரு சொன்னாரு, மளிகைக் கடைல ஏழு மாசக் கடன், சமையக்கார அம்மாவுக்கு சம்பளம் அவரு மனைவி வளையல அடகு வச்சுக் குடுத்ததுன்னு. இந்த இடத்துலதான் உங்க அசன மிச்சம் தங்கம் மாதிரி. மாசம் மளிகைக்குன்னு ஒரு தொகை, வாரம் ஒரு டாக்டர், ஒரு முடிவெட்டுறவர், அப்புறம் பேப்பர் வேலைக்கு ஒரு ரிட்டயர்டு தாசில்தார் ஆபீஸ் ஆளு. கடைசி ஆளு கிடைச்சா விடாதீங்க. அங்கீகாரம் உள்ள காப்பகப் பொறுப்பாளர் குடுக்க சான்றிதழ வச்சு ஆதார் எடுக்கலாம், ஆதார் வந்தா பேங்க் கணக்கு, அப்புறம் முதியோர் உதவித்தொகைக்கு மனு (2023ல அது 1200 ஆச்சு), புள்ளைங்க இருந்தும் விட்டுட்டுப் போயிருந்தா 2007 முதியோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர்ட்ட ஜீவனாம்ச மனு. ஒரு தாத்தாவுக்கு நாங்க இந்த மனு எழுதினோம், மகன் விசாரணைக்கு வந்தப்போ அப்பாவப் பாத்து அழுதான், கூட்டிட்டும் போனான். திரும்ப வந்துட்டாரு ஆறு மாசத்துல, அது வேற கத.

குறை என்னன்னா பேரு உங்களுக்கு வராது. கல்வெட்டு கிடையாது, வாசல்ல போர்டு கிடையாது. இத ஒத்துக்கிட மனசு இல்லாத கமிட்டிதான் அடுத்த தப்புக்குப் போகும்.

சொந்தமா ஒரு "இல்லம்" கட்டுறது

வேண்டாம். இப்படி ஒரே வார்த்தைல முடிச்சா கோவிப்பீங்க, அதனால காரணமும் சொல்லுதேன்.

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி. தர்கா பக்கம் மனநோயாளிகள வச்சிருந்த ஒரு தனியார் இல்லத்துல விடிகாலைல தீப்பிடிச்சு, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேரு வெந்து செத்தாவ. நம்பிக்கையோட வந்த சனங்கள நம்பி முளைச்ச இடம் அது. அதுக்கு அப்புறம்தான் நாடே முழிச்சுது. 2017 மனநலச் சட்டப்படி மனநோய் உள்ளவங்கள வச்சுப் பாக்க இடம் எல்லாம் மாநில மனநல ஆணையத்துட்ட பதிவு செய்யணும். பொண்ணுங்களும் புள்ளைங்களும் தங்கினா 2014 தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி லைசென்ஸ். தீயணைப்பு, கட்டட உறுதி, சுகாதாரம், எல்லாத்துக்கும் தனித் தனி சான்று. அறக்கட்டளைப் பத்திரத்துல "எங்க மதத்தாருக்கு மட்டும்"னு ஒரு வரி எழுதினா நன்கொடை குடுக்கவனுக்குக் கிடைக்கிற வருமான வரிச் சலுகை போச்சு, அவன் யோசிப்பான்.

இதெல்லாம் முடிச்சு கட்டடம் கட்டிட்டாலும் அத நிரப்பணும்ங்கிற நெருக்கடி வந்துரும். நாப்பது கட்டில் போட்டா நாப்பது ஆளு வேணும், வந்தவர வெளிய விட மனசு வராது, ஃபோட்டோவுக்கு ஆளு வேணும்ல. ஃபின்லாந்துல இத தலைகீழா செஞ்சாவ: ஹெல்சின்கில 1985ல 2000க்கு மேல இருந்த விடுதிப் படுக்கைகள 2016க்குள்ள வெறும் 52ஆக் குறைச்சாவ. சால்வேஷன் ஆர்மி தன்னோட பெரிய விடுதிய உள்ளுக்குள்ள மாத்திக் கட்டி 81 தனித் தனி வீடாக்கிச்சு. வருஷக்கணக்கா படுக்கை போட்ட கிறிஸ்தவ அமைப்பே படுக்கைய எடுத்துட்டு கதவு வச்சுக் குடுத்திருக்கு, நாம இப்போ போயி படுக்கை போட ஆரம்பிக்கணுமா?

ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள, டாக்டரும் நர்ஸும் சம்பளத்துக்கு இருக்க பெரிய அமைப்பு உங்க கூட இருந்தா மட்டும் இந்தப் பக்கம் யோசிங்க.

மனசு சரியில்லாதவர ரோட்டுல பாத்தா நீங்களா வேன்ல ஏத்திட்டுப் போயிறாதீங்க. 2017 சட்டம் நூறாவது பிரிவுப்படி அது போலீஸ் கடமை, 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். கூடப் போங்க, சட்டை வாங்கிக் குடுங்க, வார்டுல போயி பாருங்க. ஒருத்தர் பக்கத்துல நின்னாலே வார்டுல கவனிப்பு மாறுறத நான் பாத்திருக்கேன்.

வளவுல ஒரு வாடகை வீடு, கூட ஒரு ஆளு

என் மனசு சாஞ்சது இங்கதான்னு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும்.

யோசனை புதுசு இல்ல. 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்னு ஒரு மனநல ஆளு ஆரம்பிச்சது. அதுவரைக்கும் குடிய விடு, மருந்து சாப்பிடு, ஒழுங்கா இரு, அப்புறம் வீடுன்னு சொல்லிட்டு இருந்தாவ. இவரு முதல்ல சாவியக் குடு, மத்தது அப்புறம்னாரு. நம்ம பக்கத்துல சென்னைல மனநலத்துக்கு வேலை செய்ற தி பான்யன் அமைப்பு 2015ல இருந்து ஹோம் அகெய்ன்னு ஒரு திட்டத்துல, வருஷக்கணக்கா ஆஸ்பத்திரில கெடந்த பொம்பளயாட்கள நாலஞ்சு பேரா சேத்து சாதாரணத் தெருவுல வாடகை வீட்டுல வச்சுப் பாக்குது. அது உண்மையிலேயே கடினமான ஆட்கள வச்சு நடக்குது, அதனால "இவுகளால தனியா இருக்க முடியாது"ங்கிற பேச்சு எங்கிட்ட எடுபடாது.

கணக்கு இப்படி. வளவுல (ஒரே வாசலுக்குள்ள வரிசையா இருக்க வாடகை வீடுகள்) ரெண்டு பேருக்கு ஒரு ரூம் வாடகை நாலாயிரம், கரண்டும் தண்ணியும் ஐநூறு, மளிகை அஞ்சாயிரம், மருந்து பஸ்ஸுக்கு ஆயிரத்தி ஐநூறு, வாரம் ரெண்டு தடவ போயி பாக்க ஆளுக்கு ஒரு சின்ன சம்பளம் மூவாயிரம். எல்லாம் சேந்து பதினாலாயிரம். ரேஷன் கார்டு கிடைச்சுட்டா இன்னும் குறையும். அப்போ பொட்டலத்துக்குப் போன அந்த அறுபதாயிரத்துல நாலு வீடு, எட்டு பேரு. அம்பது பேருக்கு ஒரு வேளைச் சோறா, எட்டு பேருக்கு வீடா? இது லேசான கேள்வி இல்ல, நான் லேசாக்கவும் மாட்டேன். மிச்ச நாப்பத்தி ரெண்டு பேரு மூஞ்சி ராத்திரி வந்து நிக்கத்தான் செய்யும். ஆனா அடுத்த வருஷம் அந்த எட்டுல மூணு பேரு பென்ஷனோ வேலையோ சொந்தக்காரரோ கிடைச்சு உங்க கைய விட்டுப் போவாவ, அந்த இடம் காலியாகும். பொட்டலத்துல யாரும் காலி பண்ண மாட்டாவ.

இப்போ கூடவே ஒளிஞ்சு வர்ற செலவு. முதல் செலவு வீட்டுக்காரர். "யாரு தங்கப் போறா?"ன்னு கேப்பாரு, அடுத்து "என்ன ஆளுங்க?"ம்பாரு, நம்ம ஊர்ல அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு விளக்க வேண்டியதில்ல. நாங்க பதினோரு வீடு பாத்தோம். கடைசில ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, பேருக்கு மூணு கேள்வி கேட்டுட்டு சாவியக் குடுத்துட்டாவ, அதுவும் ஒப்பந்தம் எங்க பொருளாளர் பேர்லதான். அட்வான்ஸ் முப்பதாயிரம், அது போனா போச்சுன்னு நினைச்சுத்தான் குடுக்கணும்.

அடுத்தது யாரு கூட யார வைக்கிறதுங்கது. முதல் வீட்டுல ரெண்டு அண்ணாச்சிமார வச்சோம், ரெண்டு பேருமே பிளாட்பாரத்துல நல்ல சேக்காளி. நாப்பதாவது நாள் சண்ட, ஜன்னல் கண்ணாடி போச்சு, அட்வான்ஸும் போச்சு. ரோட்டுல சேக்காளியா இருக்கது வேற, ஒரே குழம்புச் சட்டிய பங்கு போடுறது வேற, கல்யாணம் முடிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், எங்க கமிட்டிக்குத் தோணாமப் போச்சு. ரெண்டாவது வீட்டுல அந்த ஜங்ஷன் ஆச்சியும் இன்னொரு அம்மாவும். ஆச்சி முதல் பத்து நாள் வீட்டப் பூட்டிட்டு வெளிய திண்ணைல படுத்தாவ. உள்ள சுவரு நெருக்குதுன்னாவ. கக்கூஸுக்கு மட்டும் உள்ள போயி வருவாவ. பதினோராவது நாள் மழை பெஞ்சுது, உள்ள போனவங்கதான்.

மூணாவது சாவு. யாரும் இத முன்கூட்டிப் பேச மாட்டாவ. அவுகள்ல ஒருத்தர் செத்துட்டா சபைக் கல்லறைத் தோட்டத்துல உறுப்பினருக்குத்தான் இடம், அவரு என்ன மதம்னே நமக்குத் தெரியாமக் கூட இருக்கலாம். சேத்துக்கிட்ட முதல் வாரமே கேட்டு எழுதி கையெழுத்து வாங்கிருங்க: பொதைக்கணுமா எரிக்கணுமா, யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லக் கூடாது. எங்களுக்கு ஒரு தடவ சிந்துபூந்துறை சுடுகாட்டுக்குப் போக வேண்டி வந்துச்சு, கொள்ளி வைக்க யாருமில்லன்னு தயங்கி நின்னப்போ எங்க கூட வந்த மேலப்பாளையத்துப் பாய் "நான் பக்கத்துல நிக்கேன், நீங்க முடிங்க"ன்னாரு.

ஜெபத்துக்கு வந்தாத்தான் வீடு, நெத்தில பூசினாத்தான் வீடுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது. அவுக வருவாவ, வாடகைக்காக வருவாவ, நீங்களும் நம்பிருவீங்க.

நிலம் இருந்தா

இதுக்கு நம்ம சீமைல பழைய வழி இருக்கு. 1799ல, கிறிஸ்தவத்துக்கு வந்ததுக்காக ஊர விட்டு விரட்டப்பட்டவங்களுக்காக சாத்தான்குளம் பக்கம் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேத்தினதுதான் முதலூர். இப்போ தூத்துக்குடி மாவட்டம், அப்போ எல்லாம் ஒரே திருநெல்வேலி. 1830ல பாளையங்கோட்டைல மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம்னு ஒண்ண ஆரம்பிச்சதும் இதே மாதிரி நிலமும் வீடும் வாங்கிக் குடியேத்தத்தான். பாளையங்கோட்டை சர்ச்சோட ஊசிக் கோபுரத்தப் பாத்து பெருமப்படுறவங்க அந்த சங்கத்த மறந்துட்டாவ. கலிபோர்னியாவுல 2023ல ஒரு சட்டமே போட்டாவ, சபை, கோயில், மசூதி எதுவா இருந்தாலும் தன் சொந்த நிலத்துல குறைஞ்ச வாடகை வீடு கட்டணும்னா நகராட்சி தடுக்க முடியாதுன்னு.

இங்க அப்படி லேசு இல்ல. கோயில் நிலம்னா அறநிலையத்துறைச் சட்டம் 34வது பிரிவு, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைன்னாலே ஆணையர் அனுமதி வேணும். வக்ஃபு நிலத்துக்கு வாரியம். சபை நிலத்துக்கு திருமண்டலத்தோட (டயோசிஸ்) டிரஸ்ட், அங்க ஏற்கெனவே கேஸ் கெடக்கும். கிராமத்துல வீடு கட்ட 2024ல தமிழ்நாடு அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல மூணரை லட்சம்னு அறிவிச்சுது, ஆனா அதுக்கு பட்டா வேணும்னாவ, பட்டா இல்லாததுனாலதான அந்த ஆளு ரோட்டுல இருக்காரு. ஒரு குடும்பம் மனசு வச்சு ரெண்டு சென்ட் தானமா எழுதிக் குடுத்தா இதுல இறங்கலாம். பத்து வருஷப் பார்வை உள்ளவங்களுக்கு.

ஒரே பார்வைல

| வழி | ரோட்ட விட்டுப் போவாவளா | மாசச் செலவு (எங்க கணக்கு) | ராத்திரி ஆளு | லைசென்ஸ் தலைவலி | ராத்திரி கக்கூஸ் |
|---|---|---|---|---|---|
| பொட்டலம், 50 பேரு | போக மாட்டாவ | 60,000 | வேண்டாம் | கொஞ்சம் | கிடையாது |
| ஹால் | கொஞ்ச நாளைக்கு | வாட்ச்மேன் சம்பளத்தப் பொறுத்து | கட்டாயம் | நடுத்தரம் | உண்டு |
| காப்பகத்துக்குத் துணை | சில பேரு | உங்க இஷ்டம் | அவுக பாத்துக்கிடுவாவ | உங்களுக்கு இல்ல | உண்டு |
| சொந்த இல்லம் | உள்ளயே தங்கிருவாவ | லட்சக்கணக்குல | மூணு ஷிப்ட் | உச்சம் | உண்டு |
| வாடகை வீடு, 2 பேரு | போவாவ | 14,000 | போன்ல ஒருத்தர் | கம்மி | உண்டு, உள்பக்கம் தாழ்ப்பாளோட |
| நிலம் | நிரந்தரமா | ஒரே தடவ பெருசு | வேண்டாம் | வருஷக்கணக்கு | உண்டு |

அந்த மூணு பேருக்கும்

சபைக்காரருக்கு: உங்ககிட்ட மெம்பர்கள்ல நர்ஸும் ரிட்டயர்டு கிளார்க்கும் குவிஞ்சு கெடக்காவ, பணத்த விட அதுதான் பெருசு. ஒரு வருஷம் காப்பகத்துக்குப் பேப்பர் வேலை செஞ்சு குடுங்க, அதுல ஆட்களப் பழகின பிறகு ஒரே ஒரு வீடு எடுங்க. மாதர் சங்கத்துல இன்னும் கைப்பிடி அரிசி எடுக்காவள்லா, அந்த அரிசி நேரா அந்த வீட்டுக்குப் போகட்டும்.

கொடை கமிட்டிக்கு: உங்க பலம் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கொடைக்குப் பிரிக்கிற பணம். ஒரு ஊரே வருஷம் தவறாம குடுக்குது, எந்த டிரஸ்டுக்கும் அந்த ஒழுங்கு கிடையாது. தலைக்கட்டுக்கு மாசம் அம்பது ரூவா, முன்னூறு தலைக்கட்டுன்னா பதினஞ்சாயிரம், ஒரு வீடு ஓடிரும். மிச்சப் பணத்த அட்வான்ஸுக்கு வச்சுக்கிடுங்க. பொட்டலம் வேண்டவே வேண்டாம்னு சொல்லல, செவ்வாக்கிழமைக்கு மாத்துங்க.

மேலப்பாளையத்துத் தம்பிக்கு: ஜக்காத் பணம் ஏழையோட கைக்கே போய்ச் சேரணும்னு ஆலிம்கள் பல பேரு சொல்லுவாவ, அதனால கட்டடத்துல போடுறதுக்கு முன்னாடி உங்க இமாம்ட்ட கேட்டுருங்க. வாடகையா, அட்வான்ஸா அந்த ஆளு பேர்லயே குடுக்க வழி இருக்கானும் அப்பவே கேளுங்க. உங்க தெருவுலயே வளவு வீடு நிறைய காலியாக் கெடக்கு, வீட்டுக்காரங்க உங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாவ, நாங்க பதினோரு வீடு ஏறி இறங்கினது உங்களுக்கு ரெண்டு வீட்டுல முடிஞ்சுரும். எங்க ரெண்டாவது வீட்டுப் பக்கத்து ரூம் அடுத்த மாசம் காலியாகுதாம், ஆச்சி விசாரிச்சு வச்சிருக்காவ, வேணும்னா சொல்லுங்க.